ஜப்பான் கூப்பே ஆசையும் கையில் 18 லட்சமும்: இனி எதை வாங்கலாம்?

தேவனாம்பட்டினம்31

வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இது என் முதல் இழை.

1997இல் எனக்கு 13 வயது. அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை. பள்ளி விடுமுறையில் அவரோடு ஒருநாள் போனபோது துமாஸ் தெருவில் ஒரு வீட்டு வாசலில் சிவப்பு ஹோண்டா பிரெலூட் நின்றது. பிரான்ஸிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பிய ஒரு பெரியவர் கொண்டுவந்த வண்டி, இடது பக்கம் ஸ்டியரிங். இரண்டே கதவு, நீண்ட பானெட், அதாவது கூப்பே. நான் அதைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு அவரே கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். கால் நேராக நீண்டது, ரோடு கண்ணுக்குக் கிட்டே வந்தது. ஓடாத வண்டிக்குள் உட்கார்ந்தே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

இப்போது 41 வயது. தினமும் கடலூரிலிருந்து சேதராப்பட்டு போய் வருகிறேன். வீட்டுக்கு என்று ஒரு டிசையர் இருக்கிறது, அதில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சௌகரியமாகப் போய்வருகிறார்கள். என் ஆசைக்கு என்று பதினோரு வருடமாகச் சேர்த்த பணம் 18 லட்சம். கடன் வாங்குவதாக இல்லை. கியர் கையால் போட வேண்டும், வண்டி லேசாக இருக்க வேண்டும், ஓட்டும்போது ரோடு கைக்குத் தெரிய வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

ஒரு காலத்தில் சம்பளக்காரர்கள் வாங்கிய அந்த ஜப்பான் கூப்பேக்கள் எல்லாம் எங்கே போயின? அவற்றின் இடத்தில் நம் ஊரில் இன்று எதை வாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நகோயா_கடலூரான்

அண்ணே, எனக்குத் திருப்பாதிரிப்புலியூர். ஒன்பது வருடமாக நகோயாவில் வேலை. உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அந்தக் கூப்பேக்கள் மலிவாக இருந்ததற்குக் காரணம், அவை குடும்பக் காரின் உடன்பிறப்புகள் என்பதுதான். எல்லோரும் கும்பிடும் டொயோட்டா ஏஇ86 கூப்பே வெறும் கொரோலா. 1983இல் கொரோலா செடான்கள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறின. அப்போது டொயோட்டா கூப்பேவுக்கு மட்டும் பழைய பின்சக்கர அமைப்பையே வைத்துக்கொண்டு, அதில் 1.6 லிட்டர் 4ஏ-ஜிஇ இன்ஜினைப் போட்டது. ஹோண்டாவில் இன்டெக்ராவுக்கு சிவிக் சொந்தம், பிரெலூட்டுக்கு அக்கார்டு சொந்தம். இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக் என்று எல்லாவற்றையும் உருவாக்கிய செலவை லட்சக்கணக்கில் விற்ற செடான்கள் ஏற்கெனவே சுமந்துவிட்டன. கூப்பேவுக்கு ஆன தனிச் செலவு, மேல் உடலும் சஸ்பென்ஷன் வேலையும் மட்டும்தான்.

இந்த ஏற்பாட்டை முதலில் அசைத்தது யென். 1985இல் டாலர் மதிப்பைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட பிளாசா ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 240 யென். 1995 ஏப்ரலில் அது 80க்கும் கீழே இறங்கியது. அதே வண்டி அமெரிக்காவில் விலை ஏறிக்கொண்டே போக, டொயோட்டாவின் ஏ80 சூப்ரா, நிசானின் 300இசட்எக்ஸ் எல்லாம் இளைஞர்களின் கைக்கு எட்டாமல் போயின. இங்கே ஜப்பானிலும் 1980களின் கடைசியில் பிரெலூட்டும் நிசான் எஸ்13 சில்வியாவும் காதலியை அழைத்துப் போகும் 'டேட் கார்' என்று பெயர் வாங்கியவை. பொருளாதாரம் சரிந்ததும் அதே தலைமுறை கல்யாணமாகி பஜேரோ போன்ற ஜீப்புக்கும் 1994இல் வந்த ஒடிஸி போன்ற குடும்ப வேனுக்கும் போய்விட்டது.

விற்பனை குறைந்து கிடந்த நேரத்தில் புதிய புகை விதிகள் வந்தன. பழைய டர்போ இன்ஜின்களை அதற்கு ஏற்ப மாற்றப் பணம் போட எந்த கம்பெனியும் தயாராக இல்லை. 2002இல் ஒரே வருடத்தில் எஸ்15 சில்வியா, ஆர்எக்ஸ்-7, ஏ80 சூப்ரா, ஆர்34 ஸ்கைலைன் ஜிடி-ஆர் நான்கும் நின்றுபோயின. பிரெலூட் அதற்கு முந்தைய வருடம். செலிகாவும் இன்டெக்ராவும் 2006. எக்லிப்ஸ் 2011. சிவிக் கூப்பே 2020. இந்த வருடங்கள் எனக்கு உறவினர் திதி போல மனப்பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானில் பெட்ரோல் கார் 13 வருடம் தாண்டினால் ஆண்டு வரி சுமார் 15 சதவீதம் கூடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 'ஷாகென்' என்ற கட்டாயச் சோதனை வேறு. பழைய வண்டியை வைத்திருப்பதே சுமை என்று நிறையப் பேர் தள்ளிவிட்டார்கள். அமெரிக்காவில் 25 வருடம் ஆன வண்டியை இறக்கிக்கொள்ளலாம் என்பதால் மிச்சமிருந்தவை கப்பலேறின. இப்போது இங்கேயே ஒரு நல்ல எஸ்15ஐத் தொட முடியாது.

2012இல் டொயோட்டாவும் சுபாருவும் செலவைப் பங்கிட்டுக்கொண்டு 86, பிஆர்இசட் இரண்டையும் செய்தார்கள். 2021இல் 2.4 லிட்டர் இன்ஜினோடு அடுத்த தலைமுறை (டொயோட்டாவில் ஜிஆர்86) வந்தது. ஜிஆர் சூப்ராவை பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து ஆஸ்திரியாவில் செய்தார்கள். சொந்தக் குடும்பத்தில் செடான் துணை இல்லாததால்தான் வெளியே கூட்டாளி தேட வேண்டியிருந்தது.

லாஸ்பேட்டை_டிரிஃப்ட்

அருமையான பதிவு அண்ணா. ஆனால் ஜிஆர்86 இன்னும் உயிரோடுதானே இருக்கிறது? அமெரிக்காவில் 30 ஆயிரம் டாலரை ஒட்டித்தான் விலை. இறக்குமதி செய்து பிஒய் (புதுச்சேரி) பதிவு போட்டால் வரியும் குறையும். இல்லையென்றால் ஜப்பானிலிருந்து ஒரு பழைய சில்வியா. இந்த வழியை யாரும் யோசிப்பதில்லையே, ஏன்?

வரிக்கணக்கு_மஞ்சக்குப்பம்

தம்பி, யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் விடுகிறார்கள். கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

இந்தியத் துறைமுகத்தில் இறங்கும் விலை 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 70 சதவீதம், ஆக 42.5 லட்சம். அதன்மேல் 40 சதவீத ஜிஎஸ்டி, ஆக 59.5 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதையும் சேர்த்தால் 71 லட்சத்தைத் தாண்டும். இன்சூரன்ஸ் இன்னும் சேரவில்லை.

பழைய வண்டிக்கு வருவோம். தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆன பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர விதி இடம் தராது. வலப்பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். சில்வியா நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கதவு மூடிவிட்டது.

பிஒய் பதிவு பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் வசிப்பவர் அங்கே பதிவு செய்வது அவர் உரிமை. கடலூரில் குடியிருந்துகொண்டு அங்கே பொய் முகவரி காட்டுவது வேறு விஷயம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. சொகுசுக் கார்களைப் பொய் முகவரியில் பதிந்த விவகாரம் 2017இல் வழக்கு வரை போனதை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். புதுச்சேரிப் பக்கம் கன்னியக்கோவில் பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு முள்ளோடை தாண்டி வருவதோடு நம் லாபம் போதும்.

பாரிஸ்_முத்தியால்பேட்டை

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நான் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறேன். ஜிஆர்86 இங்கே 2022இல் வந்தபோது வாங்கலாம் என்று ஷோரூம் வரை போனேன். கார்பன் அளவுக்கு ஏற்ப இங்கே 'மாலுஸ்' என்று ஒரு வரி. கார் விலையில் ஏறக்குறைய பாதி அந்த வரிக்கே போகும் என்று கணக்குக் காட்டினார்கள். திரும்பி வந்துவிட்டேன். 2024 ஜூலையில் ஐரோப்பாவில் புதிய பாதுகாப்பு விதிகள் எல்லாப் புது வண்டிக்கும் அமலுக்கு வந்தன. அதற்கு ஏற்ப அந்த வண்டியை மாற்றாமல் டொயோட்டா ஐரோப்பிய விற்பனையை நிறுத்திவிட்டது. இரண்டே வருடம்தான் விற்றது.

எங்கள் தெருவில் ஒருவர் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வண்டியைக் கிளப்பினால் நான் காபியை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவேன்.

வில்லியனூர்_பட்டறை

எனக்கு எழுத்து அவ்வளவு வராது, கை வேலை தெரியும். 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன்.

தேவனாம்பட்டினம் தம்பி, நீங்கள் கேட்ட மூன்றும் (கை கியர், லேசு, ரோடு தெரிவது) நம் ஊரிலேயே ஒரு காலத்தில் ஷோரூமில் கிடைத்தது. கதவு மட்டும் நான்கு. 1998இல் வந்த முதல் ஹோண்டா சிட்டியில் 2000இல் 1.5 விடெக் இன்ஜின் போட்டார்கள், 106 குதிரைத் திறன். வண்டி எடை ஏறக்குறைய ஒரு டன். தாழ்வாக உட்காரும். நகோயா தம்பி சொன்ன கதைப்படி பார்த்தால், கூப்பேவுக்குள் இருந்த சாமான் எல்லாம் அதில் இருக்கிறது.

விடெக் என்றால் என்ன என்று பையன்கள் கேட்பார்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் மெதுவாக ஓட ஒரு வடிவம், வேகத்துக்கு இன்னொரு வடிவம். ஆர்பிஎம் ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு சின்னப் பின்னைத் தள்ளும், வால்வு பெரிய வடிவத்தில் திறக்கும். சத்தமே மாறிவிடும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் அந்த சோலனாய்டு சல்லடை அடைத்துக்கொண்டு இரண்டாவது வடிவம் வேலையே செய்யாது. ஓட்டிப் பார்க்கும்போது சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறவில்லை என்றால் விலையைக் குறையுங்கள், வண்டியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் சின்ன வேலைதான்.

2006இல் வந்த மிட்சுபிஷி செடியாவும் உண்டு. 2 லிட்டர், 115 குதிரைத் திறன். நம் நாட்டு ராலிகளில் வருடக்கணக்காக ஓடிய வண்டி. சஸ்பென்ஷன் அப்படி இருக்கும். ஆனால் சாமான் தேடிப் போக நேரமும் பொறுமையும் வேண்டும். தினமும் ஓட்டுபவர்களுக்கு அது சரிவராது, உங்களுக்கு இன்னொரு கார் இருப்பதால் யோசிக்கலாம்.

கடற்கரை ஊரில் பழைய கார் வாங்கும்போது இன்ஜினை விடத் தகட்டைப் பாருங்கள். சக்கர வளைவின் உள் ஓரம், ஜாக்கி போடும் இடம், கதவின் அடி, டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே. இன்ஜினைச் சரிபண்ணலாம். அடித்தகடு போனால் டிங்கரிங் செலவுக்கு முடிவே கிடையாது.

அப்புறம் வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்று மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து இன்னமும் விற்பனைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அதில் நிற்கும். சீட்டு ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். என்னிடமே ஒருவர் அப்படி ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு வந்து அழுதார். விற்றவர் யார் என்று சொல்லப் போவதில்லை. அதை அன்று கழற்றிப் பார்த்ததில் டாஷ்போர்டுக்குப் பின்னால் வாய்க்கால் மண் இருந்தது.

நெய்வேலி_டீச்சர்

சார், பட்டறைக்காரர் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பதினோரு வருடம் சேர்த்த பணத்தை 25 வருடம் பழைய காரில் தினம் ஓட்டுவதற்காகப் போட வேண்டாம். அந்தக் காலத்து சிட்டியில் இன்றைய பாதுகாப்பு கிடையாது. சேதராப்பட்டுக்குப் போகும் வழியில் லாரிகளுக்கு நடுவில்தான் ஓட்டப் போகிறீர்கள். உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் இரண்டு வருடமாக ஹூண்டாய் ஐ20 'என் லைன்' (N Line) ஓட்டுகிறேன். 1 லிட்டர் டர்போ, 120 குதிரைத் திறன், 6 கியர், கையால் போடுவது. சாதாரண ஐ20ஐ விட சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் இறுக்கம், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். நீளம் 4 மீட்டருக்குள், இன்ஜின் 1200 சிசிக்குள் என்பதால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம் மட்டும். நம் நாட்டு வரியே எந்த வண்டி பிழைக்கும் என்று முடிவு செய்கிறது என்பதற்கு இன்னொரு உதாரணம்: மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் நீளம் 3.9 மீட்டர்தான். ஆனால் அதன் இன்ஜின் 1.5 லிட்டர். இங்கே விற்றாலும் 40 சதவீதத்தில்தான் விழும்.

இந்த ஐ20 செய்கிற ஹூண்டாய் தொழிற்சாலை இருப்பது இருங்காட்டுக்கோட்டையில். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடமும் அதே ஊரில்தான். அந்தத் தடத்துக்கு என் வண்டியை ஒரு முறை எடுத்துப் போயிருக்கிறேன். மூன்றாவது வளைவில் கியர் இறக்கித் திரும்பிய அந்த நொடிக்காகவே இந்த வண்டி வாங்கினேன் என்று தோன்றியது. ஜப்பான் பெயர் இல்லையே என்று அன்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

லாஸ்பேட்டை_டிரிஃப்ட்

டீச்சர், அது முன்சக்கர ஹேட்ச்பேக். சார் கேட்டது கூப்பே. ஹோண்டாவே 2025இல் பிரெலூட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டதே, அது இந்தியாவுக்கு வரும் வரை காத்திருந்தால் என்ன?

நகோயா_கடலூரான்

தம்பி, அதை இங்கே ஷோரூமில் உட்கார்ந்து பார்த்தேன். அழகான வண்டி. சிவிக் டைப்-ஆரின் முன் சஸ்பென்ஷன் அதில் இருக்கிறது. சிவிக் குடும்பத்து ஹைப்ரிட் இன்ஜின். அதாவது பழைய முறையிலேயே செடானின் உடன்பிறப்பாகத்தான் செய்திருக்கிறார்கள், அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் ஜப்பானில் விலை 61 லட்சத்து 79 ஆயிரத்து 800 யென். நம் பணத்தில் 35 லட்சத்தை ஒட்டி வரும், அதுவும் இந்திய வரிக்கு முன்னால். கை கியர் கிடையாது. கியர் மாறுவது போன்ற உணர்வை மென்பொருள் உண்டாக்குகிறது. அண்ணன் முதல் பதிவில் கேட்ட மூன்றில் முதலாவதே அதில் இல்லை.

முன்சக்கரம் என்பதற்காக டீச்சர் வண்டியைத் தள்ளாதீர்கள். துமாஸ் தெருவில் நின்ற பிரெலூட்டும் முன்சக்கர இயக்கம்தான். இன்டெக்ராவும் அப்படியே.

நான் வைத்திருப்பது 1.5 லிட்டர் எம்எக்ஸ்-5, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அடிப்படை மாடலின் எடை 990 கிலோ. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் இதைக் கொண்டுவர ஒரு வழி இருக்காதா என்று ஏங்குவேன். என் மனதில் அதற்கு அடுத்த இடம் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு. 1.4 டர்போ, 970 கிலோ. ஸ்விஃப்ட் இவ்வளவு விற்கும் நாட்டில் அதை ஒருநாளும் விற்கவில்லை என்பது என்னால் ஆற முடியாத விஷயம். மலிவான ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்று நமக்குக் கிடைத்திருக்க வேண்டுமானால், அது அதுதான்.

வரிக்கணக்கு_மஞ்சக்குப்பம்

பழைய சிட்டி எடுப்பதாக இருந்தால் ஆர்சி பற்றி ஒரு வார்த்தை. 15 வருடம் முடிந்த சொந்தக் காரைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் கிடக்கும் வண்டியை "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விற்பார்கள், வாங்காதீர்கள். விற்பவர் பெயரில் புதுப்பித்த பிறகு பெயர் மாற்றுங்கள்.

வில்லியனூர்_பட்டறை

டீச்சரம்மா சொன்னது சரி. தினம் ஓட்ட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று: இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்தது இல்லை. வாங்கிய உடனே டேங்கிலிருந்து இன்ஜின் வரை பெட்ரோல் ஹோஸ் முழுவதும் மாற்றிவிடுங்கள். ஓட்டாமல் நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.

தேவனாம்பட்டினம்31

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருடைய பதிவையும் அச்செடுத்து வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து படித்தோம். டீச்சர் எழுதியதை அவர் இரண்டு முறை படித்தார்.

முதலில் ஐ20 என் லைன் ஓட்டிப் பார்த்தேன். புதுச்சேரியிலிருந்து கோரிமேடு தாண்டித் திண்டிவனம் சாலையில் கொஞ்ச தூரம். மூன்றாவது கியரில் அது இழுத்த இழுப்பு எதிர்பார்த்ததை விட அதிகம். ஸ்டியரிங் இறுக்கமாக இருந்தது, ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டவில்லை. உட்காரும் இடம் எனக்குக் கொஞ்சம் உயரம். அது ஒன்றுதான் மனதுக்கு ஒட்டவில்லை.

அடுத்த ஞாயிறு நெல்லிக்குப்பத்தில் ஒரு 2002 சிட்டி விடெக். ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர், ஒரே உரிமையாளர், 94,000 கிலோமீட்டர், கரும்பச்சை நிறம். ஆர்சி 2027 வரை புதுப்பித்து வைத்திருக்கிறார். கதவைத் திறந்து உட்கார்ந்தேன். கால் நேராக நீண்டது. ரோடு கண்ணுக்குக் கிட்டே வந்தது. 28 வருடம் கழித்து அதே மாதிரி. கெடிலம் கரையோரம் ஓட்டிப் போனபோது சத்தம் மாறுகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன், மாறியது. இறங்கும்போது எனக்குப் பேச்சு வரவில்லை.

முடிவு இதுதான். தினமும் போய்வர ஐ20 என் லைன் பதிவு செய்துவிட்டேன். எல்லாம் சேர்த்து வந்த தொகை போக, மிச்சத்தில் சிட்டியை 2 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன். மீதி அதன் வேலைக்கு. வலது பின்சக்கர வளைவில் துரு இருக்கிறது, ஜாக்கி போடும் இடம் நான்கும் சுத்தம், சீட் பெல்ட்டில் கோடு இல்லை. பட்டறை அண்ணே, வண்டியை உங்களிடம் எப்போது கொண்டுவரட்டும்?

வில்லியனூர்_பட்டறை

செவ்வாய்க்கிழமை காலை கொண்டு வாருங்கள் தம்பி. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார் என்று அந்த ஐயாவிடம் பில்லோடு கேட்டு வையுங்கள். பில் இல்லையென்றால் நெல்லிக்குப்பத்திலிருந்து இங்கே வரும் வரை 3,000 ஆர்பிஎம்மைத் தாண்ட வேண்டாம். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுவோம். வளைவுத் தகட்டுக்குத் தெரிந்த டிங்கர் ஒருவர் அரியாங்குப்பத்தில் இருக்கிறார், அவரையும் அன்று வரச் சொல்கிறேன்.